சுவருக்கு வடக்கே: வடசென்னையில் மக்கள் வரலாற்று நடை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

வால்டாக்ஸ் சாலை வழியாகத் தினமும் ஆயிரக்கணக்கானோர் போய்வருகிறோம். அந்தப் பெயரில் உள்ள 'வால்' (ஆங்கிலத்தில் மதில்) எது, அதற்கு வரி கேட்டது யார் என்று நின்று யோசிப்பவர்கள் குறைவு. 1769-இல் ஹைதர் அலி குதிரைப்படையோடு மதராஸின் வாசல்வரை வந்து போனார். மிரண்டுபோன கிழக்கிந்தியக் கம்பெனி, கறுப்பர் நகரம் என்று அது அழைத்த பகுதியின் (இன்றைய ஜார்ஜ் டவுன்) வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பியது. செலவை உள்ளே குடியிருந்தவர்களிடம் வரியாகக் கறக்கப் பார்த்தது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இன்றும் நிற்கிறது. மேலே பூங்கா அமைத்திருப்பதால் அதற்கு மாடிப் பூங்கா என்று பெயர்.

மதிலுக்கு உள்ளே வாழ்ந்த வணிகர்கள், கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் தரகர்களாகவும் இருந்த துபாஷிகள், கோயில் கட்டிய செட்டியார்கள் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. மதிலுக்கு வடக்கே துணி வெளுத்தவர்கள், அலையில் படகு தள்ளியவர்கள், மீன் பிடித்தவர்கள், பின்னாளில் மில்லில் நெய்தவர்கள் பற்றி அவ்வளவு இல்லை. திரையில் வடசென்னை என்றாலே அரிவாளும் கஞ்சாவும்தான். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். அந்தச் சித்திரம் எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை நேரில் அறிந்தவன். சில ஆண்டுகளாகச் சிறு குழுக்களை இந்தத் தெருக்களில் அழைத்துச் செல்கிறேன். உங்கள் ஊரிலோ இதே வடசென்னையிலோ இப்படி ஒரு நடையைத் தொடங்க விரும்புபவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள், வழியை அல்ல

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் வரைபடத்தை விரித்து, பார்க்க வேண்டிய இடங்களைப் புள்ளி வைத்து, அவற்றைக் கோட்டால் இணைக்கிறார்கள். அப்படிச் செய்தால் கட்டடங்கள்தான் கிடைக்கும். ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும்பாலும் கட்டடங்களை விட்டுச்செல்வதில்லை. அவர்கள் வாழ்ந்த இடம் ஓலைக் குடிசையாக இருந்திருக்கும், எரிந்திருக்கும், இடிக்கப்பட்டிருக்கும், கடலில் போயிருக்கும்.

அதனால் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். என் கேள்வி இது: நகரத்துக்காக உழைத்தவர்கள் நகரத்துக்கு வெளியே வைக்கப்பட்டது எப்படி? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மதில், துறைமுகம், மில் என்று மூன்று பெரிய கட்டுமானங்கள் தெரிகின்றன. மூன்றும் வடசென்னையின் வாழ்க்கையை மாற்றிப் போட்டவை. மூன்றையும் ஒரே காலையில் நடக்க முடியாது. மதிலும் துறைமுகமும் ஒரு நடை. மில் தனி நடை. ஒரு நடைக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம், மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் கால் வலிதான் நினைவில் நிற்கும்.

படிப்பது, படித்ததைச் சந்தேகிப்பது

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய மூன்றுக்கும் போக வேண்டும். பழைய வரைபடங்களைத் தேதி வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் நகரம் ஒரு வரைபடத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். 1749-இல் அது திரும்பக் கிடைத்த பிறகு, பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும் என்று அங்கிருந்த வீடுகள் அகற்றப்பட்டன. 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம் அந்த நிலத்தில்தான் எழுந்தது. இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை காட்ட நட்ட கல் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. சென்னையில் குடியிருப்புகளை அப்புறப்படுத்துவது நேற்று வந்த பழக்கம் இல்லை என்பதை அந்தத் தூண் ஒன்றே காட்டிவிடும்.

ஆவணங்களில் அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும், படகோட்டியின் பெயர் இருக்காது. அதனால் சாதாரண மக்கள் வேறு வழியில்லாமல் ஆவணத்துக்குள் நுழைந்த இடங்களைத் தேடுங்கள்: கூலி கேட்டு எழுதிய மனுக்கள், தண்டனைப் பட்டியல்கள், பஞ்ச நிவாரணக் கணக்குகள், கோயில் மற்றும் சர்ச் வழக்குகள். அங்கேதான் அவர்கள் குரல் கொஞ்சமாவது கேட்கிறது.

தனியாக நடங்கள், கேமரா இல்லாமல்

குறைந்தது ஐந்து முறை, வெவ்வேறு நேரங்களில், வெறுங்கையோடு அந்தத் தெருக்களில் நடக்க வேண்டும். விடியற்காலை ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை, மழை பெய்த மறுநாள் ஒரு முறை. ஒரே டீக்கடையில் மீண்டும் மீண்டும் டீ குடியுங்கள். மூன்றாவது முறை கடைக்காரரே கேட்பார், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று. உங்கள் நடை உண்மையில் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. உண்மையைச் சொல்லுங்கள். "இந்த ஊர் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் அண்ணா, யாரைக் கேட்டால் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். அவர் கைகாட்டும் ஆள் பெரும்பாலும் தெருமுனையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் பெரியவராக இருப்பார். அவரையே முழுதாக நம்பிவிட வேண்டாம். அவர் வீட்டு அம்மாவிடமும் பேசுங்கள். ஆண்கள் கட்சி, சங்கம், சண்டை என்று சொல்வார்கள். பெண்கள் தண்ணீர் லாரி எப்போது வந்தது, ரேஷன் கடை எங்கே இருந்தது, எந்த ஆண்டு கடல் வாசல்வரை வந்தது என்று சொல்வார்கள். எனக்கு அதிகம் உதவியது இரண்டாவது வகைதான்.

ஊரின் ஒப்புதல்

மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. தலைவரைப் பார்த்து, எத்தனை பேர், எந்த நாள், எதற்காக வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அரசின் நிர்வாகத்தில் உள்ள இடம். குழுவாகப் போகவும் படம் எடுக்கவும் அங்குள்ள அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ராயபுரம் ரயில் நிலையத்துக்குள் போவதானால் பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க வேண்டும். சென்னைத் துறைமுக எல்லைக்குள் கேமராவைத் தூக்க வேண்டாம். ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி ஆலயம் ஒன்று 1910 முதல் இருக்கிறது. பார்சி அல்லாதவர்கள் உள்ளே போகக்கூடாது. வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்வதே மரியாதை.

யார் பேசுவது, அவர்களுக்கு என்ன கொடுப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் நடையில் இருபத்திரண்டு பேரைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போனேன். நான் முன்னால் நின்று உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தேன். குழு அரைவட்டமாக நின்றது. எங்களுக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வழியில்லாமல் காத்திருந்தார். பக்கவாட்டில் சங்கரா மீனைக் கூறு கட்டி வைத்திருந்த ஓர் அக்காவின் கடையை முழுக்க மறைத்திருந்தோம். நான்கைந்து பேர் அவரைப் படம் எடுத்தார்கள். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு நேரம் படம் எடுத்தீர்களே தம்பி, ஒருவராவது மீன் என்ன விலை என்று கேட்டீர்களா?"

எனக்குப் பதில் இல்லை. அந்த வாரம் அடுத்த நடையை ரத்து செய்தேன். மறுநாள் தனியாகப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து பேசினேன். முப்பது ஆண்டுகளாக ஏலத்தில் கூடை எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். ஒரு பெட்டி மீனின் விலை படகிலிருந்து வாடிக்கையாளரின் சட்டிக்குப் போவதற்குள் எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஏறுகிறது என்று விரல் மடக்கிச் சொன்னார். நான் படித்து வைத்திருந்த எதிலும் அது இல்லை. இப்போது காசிமேட்டில் நான் வாய் திறப்பதில்லை. அவர்தான் பேசுகிறார், வியாபாரம் முடிந்த நேரத்தில், தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

பணக் கணக்கை வெளிப்படையாக வையுங்கள். ஒருவருக்கு முந்நூறு ரூபாய், பன்னிரண்டு பேர் என்றால் மூவாயிரத்து அறுநூறு. அதில் பாதிக்குக் குறையாமல் அந்தப் பகுதியில் பேசுபவர்களுக்குப் போக வேண்டும். யார் என்ன பெறுகிறார்கள் என்பதை நடை தொடங்கும் முன்பே வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். நடை முடிந்த அன்றே கொடுங்கள். அடுத்த மாதம், வங்கிக் கணக்கு, ரசீது என்று இழுக்க வேண்டாம். அன்பளிப்பு என்று உறையில் வைத்து நீட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அது அவர் அறிவுக்கான கூலி. கூலி என்றே சொல்லிக் கொடுங்கள். இனிப்பு, பழைய துணி, நோட்டுப் புத்தகம் எதையும் குழுவினர் குழந்தைகளுக்கு விநியோகிக்க விடாதீர்கள்.

முதல் நடை: மதிலிலிருந்து கடல்வரை

காலை ஆறு மணிக்கு மாடிப் பூங்காவில் கூடுங்கள். மெட்ரோவில் வருபவர்களுக்கு வண்ணாரப்பேட்டை, மண்ணடி ஆகிய இரு நிலையங்களும் உதவும். குழுவை மேட்டில் ஏற்றி, வடக்கே பார்த்து நிற்கச் சொல்லுங்கள். "கம்பெனியின் கணக்கில் நகரம் நம் காலடியில் முடிந்துவிட்டது. இனி நடக்கப் போவது வெளியே" என்று நான் தொடங்குவது வழக்கம். பக்கத்தில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கும் இடத்தில்தான் அந்தப் பழைய ஜெயில் இருந்தது. சாலையின் பெயருக்கு அதுதான் காரணம்.

அங்கிருந்து ஸ்டான்லி மருத்துவமனை. வயதானவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780-இல் தொடங்கிய மைசூர்ப் போரில் சுற்றுப்புறக் கிராமங்கள் நாசமாயின. பட்டினியால் மக்கள் மதராஸை நோக்கி வந்தார்கள். 1782-இல் மணியக்காரர் சத்திரத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். அதை ஒட்டி 1799-இல் ஏழைகளுக்கான மருத்துவமனை உருவானது. இன்றைய பெரிய மருத்துவமனையின் வேர் அந்தக் கஞ்சித் தொட்டிதான். வாசலில் அதிக நேரம் நிற்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும் இடம். உள்ளே போகவே வேண்டாம். நோயாளிகளைப் பார்க்க வந்த கூட்டம் போல நாம் ஆகிவிடக் கூடாது. எதிர்ப்புறம் ஒதுங்கி நின்று சொன்னால் போதும்.

அடுத்தது வண்ணாரப்பேட்டை. கம்பெனி வந்ததே துணிக்காகத்தான். தறியிலிருந்து வரும் துணி கோராவாக, அதாவது வெளுக்காத பழுப்பு நிறத்தில் இருக்கும். அதை வெளுத்து, உலர்த்தி, மடித்தால்தான் கப்பலேறும். அதற்குத் தண்ணீரும் விரிந்த வெளியும் வேண்டும். நெய்தவரின் பெயரும் விற்றவரின் பெயரும் ஏற்றுமதிக் கணக்கில் இருக்கும். வெயிலில் முதுகு கருக வெளுத்தவரின் பெயர் ஊர்ப் பெயராக மட்டும் மிஞ்சியது. இங்கே மொழியில் கவனம் தேவை. ஊரின் பெயரைச் சொல்லுங்கள், தொழிலைச் சொல்லுங்கள். எதிரே நிற்கும் மனிதரைச் சாதிப் பெயரால் சுட்டாதீர்கள். இதே பேட்டையில் எம்.சி. ரோடு இன்றும் துணிக்கடைகளால் நிரம்பி வழிகிறது. கடை திறக்கும் முன்பு அந்தச் சாலையைக் கடந்துவிடுவது நல்லது. பிறகு கால் வைக்க இடமிருக்காது.

வழியில் அறிஞர் அண்ணா பூங்கா வரும். ராபின்சன் பூங்கா என்று பெயர் இருந்த காலத்தில், 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். உட்கார நிழலும் பெஞ்சும் உண்டு. தண்ணீர் குடிக்க இங்கே பத்து நிமிடம்.

இனி ராயபுரம். இந்த நடையில் நான் அதிகம் நிற்கும் இடம் ராயப்பர் ஆலயம். ராயப்பர் என்றால் பேதுரு. அவர் பெயரில்தான் ராயபுரம். இதை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர்கள் குருகுல சமூகத்துப் படகோட்டிகள். மதராஸில் அப்போது துறைமுகமே இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரை சேர இவர்களின் மசூலாப் படகுதான் ஒரே வழி. கவர்னரானாலும் பாதிரியாரானாலும் இவர்கள் கையைப் பிடித்துத்தான் மதராஸில் கால் வைத்தார்கள்.

மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். நான் துளையிட்ட இரண்டு பலகைத் துண்டுகளும் ஒரு முழம் கயிறும் பையில் எடுத்துப் போவேன். குழுவில் ஒருவரைத் தைக்கச் சொல்வேன். தைத்து முடித்ததும் இரு முனையையும் பிடித்து அழுத்தச் சொல்வேன். பலகைகள் உடையாமல் லேசாக நெளிந்து கொடுக்கும், கயிறு மெல்ல முனகும். இறுக்கமாக ஆணியடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கரையேறும். அரை மணி நேரம் விளக்கினாலும் புரியாதது அந்த நெளிவில் புரிந்துவிடும். இதுபோல் கையில் கொடுக்க ஒரு பொருளாவது உங்கள் நடையில் இருக்கட்டும். திருப்பலி நேரத்தில் ஆலயத்துக்குள் குழுவாக நுழைய வேண்டாம்.

நேரமிருந்தால் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா வரை போனது. அழகிய தூண்கள் உள்ள கட்டடம். எல்லா நடைகளிலும் இடம்பெறுவதுதான் என்பதால் நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுப்பதில்லை.

கடைசியாகக் கடல். 1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். கப்பல் நேராகக் கரையில் அணைந்ததும் மசூலாப் படகுக்கு வேலை போயிற்று. அத்தோடு முடியவில்லை. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகத்தின் கல் கரங்கள் குறுக்கே நின்று அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினாவின் மணலும் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே காணாமல் போன கரையும் ஒரே கதையின் இரு பக்கங்கள். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் குழுவை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, அந்தக் குப்பத்தில் வயதில் மூத்த ஒருவரைப் பேச விடுங்கள். தான் சிறுவனாக ஓடி விளையாடிய இடத்தைத் தண்ணீருக்குள் கைநீட்டிக் காட்டுவார்.

எப்போது போவது

காசிமேட்டின் ஏலம் விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். பலரும் அந்தக் கூட்டத்தைக் காட்டத்தான் ஆட்களை அழைத்துப் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். அவர்கள் வாரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிக்கும் நாள் அது. வார நாளில் ஒன்பது மணிக்கு மேல் போனால் பேச ஆள் கிடைப்பார்கள்.

என் அனுபவத்தில் மிகச் சிறந்த காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வர்ணம் அடிப்பார்கள், வலை கட்டுவார்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கண்ணி கண்ணியாகக் கட்டிக்கொண்டே கதை சொல்வார்கள். வருமானம் இல்லாத காலம் என்பதையும் மறக்கக் கூடாது. அப்போது கொடுக்கும் கூலி அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். வெயில் கடுமை என்பதால் எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். நவம்பர் மழையில் தெருக்களில் தண்ணீர் நிற்கும். அந்த மாதம் நடை வேண்டாம்.

கழிப்பறையை முன்பே பார்த்து வைப்பது உங்கள் பொறுப்பு. மெட்ரோ நிலையம்தான் நம்பகமானது. பெண்கள் அதிகம் வரும் நடையில் இதைக் கவனிக்காமல் விட்டால் பாதியில் கலைந்துவிடும். நடைபாதைகள் உடைந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் இருப்பதால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மாடிப் பூங்காவும் கற்கரையும் சிரமம். அவர்களுக்கெனப் பூங்காவிலிருந்து ஆலயம்வரை குறுகிய வழி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

இரண்டாவது நடை: மில்லின் நிழலில்

பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு. 1876-இல் பக்கிங்ஹாம் மில், 1881-இல் கர்நாட்டிக் மில். இரண்டும் பின்னி நிறுவனத்தின் கீழ் ஒன்றாகி, பி அண்ட் சி மில் என்று மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டன. 1918 ஏப்ரல் 27 அன்று இந்தத் தொழிலாளர்களிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்னின்றார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெருமையோடு சொல்லலாம்.

ஆனால் அங்கேயே நிறுத்திக்கொள்ளும் நடை நேர்மையான நடை இல்லை. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. நிர்வாகம் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது. பிளவு ஏற்கெனவே அங்கே இருந்தது என்பதும் உண்மை. சேரியில் வாழ்ந்தவருக்குச் சங்கத்தில் எந்த இடம் இருந்தது, பட்டினி கிடக்கும் தெம்பு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்ற கேள்விகளை அதே தெருவில் நின்று கேட்க வேண்டும். இதைச் சொல்லும்போது குழுவில் யாராவது முகம் சுளிப்பார்கள். ஒரு தரப்பை வீரர்களாகவும் மறு தரப்பைக் கருங்காலிகளாகவும் சொல்லிச் சமாதானம் செய்யாதீர்கள். புளியந்தோப்புக் குடும்பங்களில் இந்தக் கதை வேறு விதமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதைச் சொல்ல அங்கிருந்தே ஒருவர் வர வேண்டும்.

மில் 1996-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. முன்னாள் தொழிலாளி ஒருவர் எங்களோடு நடக்கும்போது, கேட் இருந்த இடம் வந்ததும் தன்னையறியாமல் நடையை வேகப்படுத்துவார். ஷிப்டுக்குத் தாமதமானால் கேட்டை மூடிவிடுவார்களாம்.

வியாசர்பாடிக்கு நீட்டித்தால் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் கானாவும் வரும். கானாவை நிகழ்ச்சியாக ஏற்பாடு செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருந்து பாடிய பாட்டு. பாடகரை வரவழைத்தால் உட்கார வைத்து, முழுதாகக் கேட்டு, உரிய கூலி கொடுங்கள். தெருவில் நிறுத்தி இரண்டு வரி பாடச் சொல்லாதீர்கள். நடக்கும் வழியில் யார் வீட்டிலாவது துக்கம் என்றால் அன்று வேறு தெரு.

படம், சொல், சாப்பாடு

முகம் தெரியும்படி படம் எடுக்க வேண்டுமானால் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். குழந்தைகளை எடுக்கவே கூடாது. குடிசைகளின் படத்தை இடத்தின் பெயரோடு இணையத்தில் போடுவதை நான் அனுமதிப்பதில்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே வீடு என்பது எண்ணமாக இருந்தது. பின்னாளில் ஏராளமான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் கோடிக்கு அனுப்பப்பட்டன. வேலைக்கும் பள்ளிக்கும் திரும்பி வர அவர்கள் பட்ட பாட்டை அங்கே போய்க் கேட்டவர்களுக்குத் தெரியும். நாம் ஆசையாகப் போடும் படம் நாளை யாரோ ஒருவர் கையில் ஆக்கிரமிப்புக்கு ஆதாரமாகிவிடக் கூடாது. சுனாமியைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒலிபெருக்கி வேண்டாம்.

நடை முடிந்ததும் பசிக்கும். அங்கேயே சாப்பிடுங்கள். மாலை நடையானால் கடற்கரை ரயில் நிலையத்தருகே இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ கடைகள் இருக்கின்றன. 1960-களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கியதும், எல்லாவற்றையும் இழந்து கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. 1969-இல் அவர்கள் பிழைப்புக்காக அமைந்ததுதான் பர்மா பஜார். நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் வைப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். மொழி தெரிந்தும் அகதிகளாக வந்து இறங்கியவர்களின் கதையை அந்தச் சூட்டோடு கேட்க வேண்டும்.

நடை முடிந்த பிறகு

கூலியைக் கொடுத்தாகிவிட்டதா என்று பாருங்கள். ஒப்புதலோடு எடுத்த படங்களை அச்சிட்டு, அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பேசியில் அனுப்புவது போதாது. அந்த அக்காவின் வீட்டுச் சுவரில் இப்போது அவர் படம் மாட்டியிருக்கிறது. வந்தவர்களின் கருத்தைக் கேட்பதைவிட, அந்தத் தெருவில் உள்ளவர்களிடம் நாம் போனது எப்படி இருந்தது என்று கேட்பது முக்கியம்.

ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். நீங்கள் தவறாகச் சொன்னதை யார் திருத்தினாலும் அதில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கற்கரையில் நின்று, கடல் உள்ளே வந்து இந்தத் தெருக்களை எடுத்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பீடி பற்றவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் குறுக்கிட்டார். "கடல் தானாக வரவில்லை தம்பி. அங்கே கல்லைப் போட்டு இங்கே அனுப்பிவைத்தார்கள்." என் குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். இப்போது அந்த இடத்தில் அதைத்தான் சொல்கிறேன்.